வேலியோரம் விதைத்தது

மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வடிவின் கோழிகளில் ஒன்று கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. அடைக்கு உட்காரும் கோழியின் தோரணை இல்லை அது. இரண்டு கால்களும் பின்னால் நீண்டு, நெஞ்சு தரையில் பட்டுக் கிடந்தது. எடுத்து நிறுத்தினால் இரண்டடி தள்ளாடிவிட்டு மறுபடி சரிந்தது. மூக்கில் சளி இல்லை, கழிச்சல் இல்லை, கண் தெளிவாகவே இருந்தது. வியாழக்கிழமைக்குள் பதினொரு கோழிகள் அப்படிக் கிடந்தன. சனிக்கிழமை காலை கொட்டகையைத் திறந்தபோது நான்கு செத்திருந்தன.

மொத்தம் இருநூற்று அறுபது கோழிகள். நாளொன்றுக்கு நூற்று எண்பது முட்டைக்குக் குறையாமல் வந்துகொண்டிருந்தது, அந்த வாரம் தொண்ணூற்றைந்துக்கு இறங்கியது.

வடிவுக்கும் அவள் கணவன் சேகரனுக்கும் சொந்த ஊர் தமிழக எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துக் கௌதள்ளி. பதினான்கு வருடங்களுக்கு முன் மைசூருக்கு வந்தார்கள். சேகரன் டைல்ஸ் ஒட்டும் வேலை பார்த்தான், வடிவு சித்தாளாகக் கலவை சுமந்தாள். இடுப்பு வலி வந்து சுமை தூக்கக்கூடாது என்று ஆன பிறகு, வருணா கால்வாயை ஒட்டிய ஒன்றரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கோழி விட்டாள். கூண்டில் அடைக்காமல் மேய விட்டு வளர்க்கும் கோழி. அந்த முட்டைக்கு நகரத்து அடுக்குமாடி வீடுகளில் நாற்பது குடும்பங்கள் வாடிக்கையாக இருந்தன.

நிலம் பத்மாஸினியுடையது. விதைப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விவசாயிகளுக்கு விற்க வரும் விதை மூட்டைகளிலிருந்து கைப்பிடி விதை எடுத்து, வெள்ளைத் தாளில் பரப்பி, அதில் களை விதை எத்தனை என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. அவர்களுடையது மேலுக்கோட்டையிலிருந்து மைசூருக்கு வந்து பல தலைமுறையாகிவிட்ட குடும்பம். வீட்டில் முட்டை நுழைந்ததில்லை. ஆனாலும் கோழிக்கு நிலம் கொடுத்தார். நிலத்துக்குள் எந்தக் கோழியையும் அறுக்கக்கூடாது என்ற ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

கோழி மேய்ச்சலுக்கு என்ன விதைப்பது என்று திட்டம் போட்டதும் அவர்தான். நிலத்தை நைலான் வலையால் ஆறு பகுதிகளாகத் தடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் தட்டைப்பயறு, கொள்ளு, குதிரைமசால் என்று கலந்து விதைத்தார்கள். பத்து நாள் ஒரு பகுதியில் கோழி மேயும், மற்ற ஐந்தும் தழைக்கும். முதல் தடவை அவசரப்பட்டு, குதிரைமசால் அரையடி வளர்வதற்குள் திறந்துவிட்டதில் வேரோடு கிளறித் தள்ளிவிட்டன. அடுத்த தடவை பொறுத்தார்கள். தானாக முளைத்த தரைக்கீரையைப் பத்மாஸினி களை என்று பிடுங்கப் போனபோது, "அதை விடுங்கம்மா, அதுக்குப் பேரே கோழிக்கீரைதானுங்க" என்றாள் வடிவு. விட்டார்கள். பசுந்தழையை மட்டும் தின்று கோழி முட்டையிடாது, தீவனமும் போட வேண்டியிருந்தது. என்றாலும் மேய்ச்சல் வந்த பிறகு மஞ்சள் கரு நல்ல அடர்ந்த நிறத்துக்கு மாறியதை வாடிக்கைக்காரர்கள் தாங்களாகவே சொன்னார்கள்.

இப்படி ஒன்றரை வருடம் சரியாகப் போன இடத்தில்தான் கோழிகள் கால் மடங்கி விழுந்தன.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். வெள்ளைக்கழிச்சல் மாதிரி தெரியவில்லை என்றார். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரப் பத்து நாளாகும், அதுவரை விழுந்த கோழிகளைத் தனியாக வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சேகரனுக்குப் பத்து நாள் பொறுக்க மனமில்லை. சனிக்கிழமை மத்தியானமே நஞ்சன்கூடு ரோட்டில் இருந்த கறிக்கோழி வியாபாரி ஒருவரிடம் பேசிவிட்டு வந்தான்.

"திங்கக்கிழமை காலையில வண்டி வருது. நிக்கற கோழியெல்லாம் ஏத்தி உட்டுர்லாம்."

"என்ன நோவுன்னே தெரியாம எப்படிங்க மாமா குடுக்கறது?" என்றாள் வடிவு. "அதைத் திங்கறவங்களும் மனுசங்கதான?"

"அப்ப என்ன பண்ணலாங்கற? ஒவ்வொண்ணா சாகறதைப் பாத்துட்டு உக்காந்திருக்கலாமா?"

அவள் கொட்டகைக்குள் நுழைந்தாள். அன்று செத்த நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரையைத் தாண்டிப் போனாள். செத்த கோழியைக் கிழிப்பது அறுப்பதாகாது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அந்த அம்மாவின் நிலத்துக்குள் கத்தி எடுக்க மனம் வரவில்லை. கரைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லின் மேல் வைத்துக் கிழித்தாள். ஈரல் வெளுத்திருந்தது. இரைப்பையையும் கற்குடலையும் வெட்டி, உள்ளே இருந்ததை ஒரு டப்பாவில் வழித்துப் போட்டாள். ராகி இருந்தது, மணல் இருந்தது. அதோடு அவளால் இன்னதென்று சொல்ல முடியாத விதைகளும் கொஞ்சம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறி, டப்பாவோடு பத்மாஸினியின் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. இது கோழி வயித்துல இருந்தது. விதைன்னா உங்களுக்குத் தெரியும்னு கொண்டாந்தனுங்க."

பத்மாஸினி டப்பாவைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார். பிறகு, "கொல்லைப் பக்கமா வா" என்றார்.

வேலைக்காரி கீரை அலசும் பழைய வடிகட்டியைக் கேட்டு வாங்கி, கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து, தானே தண்ணீர் விட்டு அலசினார். நாற்றம் அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு தடவை மூச்சை வெளியே விட்டாரே தவிர, கை நிற்கவில்லை. மிஞ்சியதை வெள்ளைத் தாளில் பரப்பினார்.

"காயட்டும். பார்த்துட்டு சாயங்காலம் போன் பண்றேன். நீ கிளம்பு, கோழியைப் பார்த்துக்கோ."

வடிவு போன பிறகு அவருடைய கணவர் யதுநந்தன் காபி டம்ளரோடு கொல்லைக்கு வந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இப்போதுதான் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கியிருந்தார்.

"என்னது அது?"

"விதை."

"எங்கேருந்து வந்தது?"

"கோழி வயித்துலேருந்து."

அவர் டம்ளரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

பத்மாஸினி உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வந்தார். ராகியை ஒரு பக்கம் ஒதுக்கினார். மிச்சமிருந்தவை முப்பத்திரண்டு விதைகள். தட்டையாக, பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில், ஒவ்வொன்றின் நடுவிலும் மங்கலாக ஒரு வட்டம். முதல் விதையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அத்தனையும் பேயாவரை.

அது எங்கிருந்து வந்தது என்பதையும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போன வருடம் வேலியோரம் முழுக்கப் பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது. பிடுங்கிப் பிடுங்கி வடிவின் கையெல்லாம் தடித்து அரிப்பெடுத்தது. தகரை வகைச் செடி ஒன்றை விதைத்தால் அது பார்த்தீனியத்தை எழவிடாமல் அமுக்கிவிடும் என்று பத்மாஸினிக்குத் தெரியும். ரிங் ரோடு ஓரத்தில் காய்ந்து நின்ற நெற்றுகளைப் பறித்துச் சாக்கில் போட்டு அடித்து, ஜூன் மாத மழையில் வேலியோரம் நெடுகத் தூவினார். பேயாவரையும் அதே இனந்தான். அதே சாலையோரத்தில் இரண்டும் கலந்தேதான் வளரும். இலையும் பூவும் தூரத்துக்கு ஒன்றுபோலத் தெரியும். விதையைப் பார்த்தால் மட்டும் ஐயமே வராது, தகரை கோணலாக இருக்கும், பேயாவரை தட்டையாக இருக்கும். முப்பது வருடம் ஊரார் கொண்டு வந்த விதையில் களை கலந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பியவர், தான் தூவிய விதையைத் தாளில் கொட்டி ஒருமுறை பார்க்கவில்லை. அதன் பிறகு யதுநந்தனின் மூட்டு ஆபரேஷன் வந்தது. ஏழு மாதமாகப் பத்மாஸினி நிலத்துப் பக்கமே போகவில்லை. செடி பூத்ததும் காய்த்ததும் அவர் கண்ணில் படவில்லை.

"நான் போட்டதுதான்" என்றார் கணவரிடம். "அந்த விதை கோழிக்கு விஷம். தசையெல்லாம் தளர்ந்து போயிடும்."

யதுநந்தன் கிட்ட வந்து தாளைப் பார்த்தார். "வேலியோரம் எது வேணும்னாலும் முளைக்கும். காத்துல வந்ததுன்னு சொல்லேன்."

"நான் தூவச்சே வடிவு பக்கத்துலதான் நின்னுண்டிருந்தா."

"தகரைதானே தூவினே? இது கலந்திருந்ததுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? நாளைக்குப் போய் செடியைப் பிடுங்கிப் போடச் சொல்லிடு. கோழி பிழைச்சா சரிதானே? யார் தப்புன்னு எதுக்கு?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்துச் சொன்னார். பத்மாஸினி குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார், பாதியில் எழுந்துவிட்டார். மாலையில் வடிவு இரண்டு தடவை போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. நாளைக்கு நேரிலேயே போய்ச் சொல்லலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று தள்ளிப் போட்டார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து போனைப் பார்த்தபோது வடிவு குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். "அம்மா, எட்டு மணிக்குக் கறிக்கோழி வண்டி வருதுங்க. நான் வேண்டாம்னு சொன்னா அவரு கேக்கலை. நீங்க ஏதாச்சும் பாத்தீங்களா?"

பத்மாஸினி காபி போடவில்லை. ஸ்கூட்டரை எடுத்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. வியாபாரியின் ஆட்கள் பிளாஸ்டிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சேகரன் கொட்டகைக் கதவருகே நின்றான், வடிவு தள்ளி ஒரு தென்னை மரத்தடியில் நின்றிருந்தாள்.

"சேகர், நிறுத்துப்பா. இது நோயில்லை. விஷம்."

சேகரன் திரும்பினான். "என்ன விஷங்க மேடம்?"

"வேலியோரம் இருக்கே, அந்தச் செடியோட விதை. பேயாவரை. நான் போன வருஷம் தகரைன்னு தூவினதுல அது கலந்திருக்கு. நான் பார்த்திருக்கணும், பார்க்கலை. கோழி செத்தது என்னாலதான்."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததில் பாதியைக்கூட அவர் சொல்லவில்லை. அவ்வளவுதான் வந்தது.

வியாபாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "விஷம் தின்ன கோழியா? நனகே பேடப்பா, நம்ம கடைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். இறக்கிய கூடைகள் திரும்ப ஏறின. வண்டி போய்விட்டது.

சேகரனுக்குக் கோபம் அதற்கப்புறந்தான் வந்தது. "முப்பது வருசம் விதையவே பாத்தவங்கன்னு இவ தினமும் சொல்லுவா. நீங்க சொன்னதை விட்டு ஒரு செடி அங்க இங்க மாத்தி வெச்சதில்லை இவ. இப்ப வந்து பாக்கலைன்னு சொல்றீங்க. இருக்கறது இதொண்ணுதானுங்க எங்களுக்கு."

பத்மாஸினி நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"மாமா, சித்தெ இருங்க" என்றாள் வடிவு. "எனக்கும் தெரியுங்கம்மா."

"என்ன தெரியும்?"

"அந்தச் செடி. ஊர்ல ஆடு மேய்க்கறப்ப பாத்திருக்கறேன். ஆடு அதுல வாயே வெக்காது. பேயாவரைன்னுதான் நாங்களும் சொல்லுவோம். இங்க வேலியில காய் தொங்கறப்பவே பாத்தனுங்க. அம்மா படிச்சவங்க, தெரியாமயா போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, வடிவு."

"கேக்கோணும்னுதான் நினைச்சேன். உங்ககிட்டப் போயி, இது வேற செடின்னு நான் எப்படிங்கம்மா சொல்றது?" அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ராகியவும் அங்கதான் எறச்சேன். கால்வாயில தண்ணி நின்னதும் உள்ள பச்சையே இல்லை. வேலியோரந்தான் நெழல் இருந்துச்சு. அங்க போட்டா கிளறித் திங்கட்டும்னு போட்டேன். ராகியோட அதையும் சேத்துப் பொறுக்கியிருக்குது."

சேகரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் கொட்டகைக்குப் பின்னால் போய் மண்வெட்டியை எடுத்து வந்தான்.

"செடி எது வரைக்கும் இருக்குதுன்னு காட்டுங்க" என்றான்.

அன்று அவன் டைல்ஸ் வேலைக்குப் போகவில்லை. மூன்று பேரும் சேர்ந்து மேற்கு வேலியிலிருந்து கால்வாய் மூலை வரை பிடுங்கினார்கள். நெற்று வெடித்து விதை சிதறாமலிருக்க ஒவ்வொரு செடியின் தலையிலும் முதலில் ஒரு கோணிப்பையைப் போர்த்தி, பிறகு அடியில் வெட்டினார்கள். பிடுங்கியதையெல்லாம் எரித்தார்கள். ஆனால் தரையில் உதிர்ந்து கிடந்த விதையை என்ன செய்வது? மேல் மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குச் செதுக்கி அள்ள இன்னும் மூன்று நாளானது. அதுவரை கோழிகளைக் கொட்டகைக்குள்ளேயே அடைத்து வைத்தார்கள். பக்கத்து நிலத்துச் சித்தம்மா முருங்கை மரத்தைக் கழிக்கும்போது கிளைகளைக் கொடுத்தாள். பத்மாஸினி தினமும் மார்க்கெட்டில் கழித்துப் போடும் கோஸ் இலையையும் முள்ளங்கித் தழையையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தார். கொட்டகையின் கம்பி வலையில் அவற்றைக் கட்டித் தொங்கவிட்டால் கோழிகள் எம்பி எம்பிக் கொத்தின.

முட்டைதான் அடுத்த பிரச்சினை. அந்த வாரத்து முட்டை அட்டைகளில் நானூறு சொச்சம் இருந்தது.

"விக்கலாமுங்களா?" என்று வடிவு கேட்டாள்.

"தின்னா என்னாகும்னு எனக்குத் தெரியலை. ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். தெரியாததைக் குடுக்க வேண்டாம்."

தென்னைக்குப் பக்கத்தில் சேகரன் குழி வெட்டினான். வடிவு அட்டைகளைக் கொண்டு வந்தாள். பத்மாஸினி குழியோரம் உட்கார்ந்து முட்டைகளை எடுத்து உள்ளே வைத்தார். முதலில் இரண்டு விரலால் பிடித்தார், ஒன்று நழுவி உடைந்தது. பிறகு கைக்கு நான்காக எடுக்கத் தொடங்கினார். சேகரன் குழியை மூடினான்.

ஏற்கெனவே விற்றுப்போன முட்டைகளுக்காக வடிவு அன்று சாயங்காலம் உட்கார்ந்து நாற்பது வீடுகளுக்கும் போன் செய்தாள். கோழிக்கு வந்தது தொற்றுநோய் இல்லை, விஷ விதை தின்றுவிட்டது, போன வாரத்து முட்டை மிச்சம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று கன்னடத்தில் ஒரே மாதிரி சொன்னாள். பெரும்பாலோர் கேட்டுக்கொண்டார்கள். ரஞ்ஜிதா என்று ஒரு பெண், "எங்க பாப்பா தினம் ஒண்ணு சாப்பிட்டாளே" என்றாள். "குழந்தைக்கு ஏதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சா டாக்டர்கிட்ட இதைச் சொல்லுங்க" என்பதற்கு மேல் வடிவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மறுநாள் தானாகவே போன் செய்து கேட்டாள். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பெண் மறுபடி முட்டை வாங்கவில்லை. அவளைப்போல இன்னும் ஆறு வீடுகள் நின்றுபோயின.

பரிசோதனை முடிவு வந்தது. தொற்று எதுவும் இல்லை. மருத்துவரிடம் பத்மாஸினி விதைகளைக் கொண்டுபோய்க் காட்டினார். அவர் கேட்டுவிட்டு, விழுந்த கோழிகளைக் கையால் தண்ணீர் குடிக்க வைக்கச் சொன்னார், சத்து மருந்தும் எழுதித் தந்தார். மொத்தம் இருபத்துமூன்று கோழிகள் செத்தன. பதினொன்று பிழைத்தும் கால் சரியாகவில்லை. அவற்றை விற்கவும் வழியில்லை, அறுக்கவும் கூடாது. வடிவு கொட்டகையின் மூலையில் மணல் கொட்டி அவற்றைத் தனியாக வைத்தாள். அதில் ஐந்து ஒரு மாதத்தில் போயின. ஆறு நொண்டிக்கொண்டே நடமாடின, அவற்றில் இரண்டு முட்டையும் இட்டன.

மற்ற கோழிகள் ஏப்ரல் முடிவில் தேறின. முட்டை நூற்றுப்பத்துக்கு வந்தது, பிறகு நூற்று முப்பது. மே மாதக் கோடை மழையில் முதல் இரண்டு பகுதிகளில் தட்டைப்பயறு விதைத்தார்கள். பயறு இரண்டு கைப்பிடி உயரம் வந்ததும் வடிவு வலையைத் திறந்தாள். இரண்டு மாதமாகக் கொட்டகையையும் வெறும் மண்ணையும் பார்த்துக்கொண்டிருந்த கோழிகள் ஒரு கணம் வாசலிலேயே நின்றன. பிறகு இறக்கையை விரித்துக்கொண்டு ஓடின. சேகரன் சிரித்தான். அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு அவன் பத்மாஸினி எதிரில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஜூன் மாதம் முதல் வாரம் பத்மாஸினி ஸ்கூட்டரின் முன்னால் ஒரு கோணிப்பையை வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே ஈரத்துணி சுற்றிய கினியாப்புல் கரணைகள். வெறுமையாகிவிட்ட வேலியோரம் முழுக்க அதை நட்டுவிட்டால் பார்த்தீனியம் வராது, கோழிக்கும் தழை கிடைக்கும் என்றார்.

வடிவு ஒரு கரணையை எடுத்துப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சேகரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாங்கம்மா" என்றாள்.

"ஏன்? நல்ல புல்லுதானே? மாட்டுக்கெல்லாம் போடறாளே."

"மாட்டுக்கு நல்லதுதானுங்க. இது ஆள் உசரம் வளந்துரும். அடித்தண்டு கட்டையாயிரும், கோழி கொத்தாது. தூரு அடர்ந்தா உள்ள பாம்பு வந்து படுக்கும், கீரிப்புள்ள வரும். வேலியோரம் எனக்குக் கண்ணுக்குத் தெரியறாப்ல இருக்கோணும்."

பத்மாஸினி வாயைத் திறந்தார். பாம்பு வராமல் நடுவதற்கு இடைவெளி எத்தனை விடலாம் என்று ஏதோ சொல்ல வந்தார். வடிவு காத்திருந்தாள், ஆனால் கரணையைக் கோணிப்பைக்குள் திருப்பி வைத்துவிட்டாள்.

"அப்போ என்ன போடலாம்?" என்று கேட்டார் பத்மாஸினி.

"அகத்தி போடலாங்க. கீழ நெழல் விழும், தழைய ஒடிச்சும் போடலாம். நடுவுல அருகம்புல்லு அதுவா வரும். பார்த்தீனியம் வந்தா நானே பிடுங்கிக்கறேன், கைக்கு உறை வாங்கிட்டேன்."

"சரி" என்றார் பத்மாஸினி. கோணிப்பையின் வாயைக் கட்டினார். "இதைச் சித்தம்மா மாட்டுக்குக் குடுத்துடறேன்."

அதைத் தூக்க அவர் குனிந்தபோது சேகரன் வந்து வாங்கிக்கொண்டு, தோளில் போட்டுப் பக்கத்து நிலத்துக்கு நடந்தான்.